முட்டிப் புரொபசரின் வலது கால்

என் வீட்டுக்காரரின் வலது முழங்காலை இதுவரை எத்தனை பேர் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். வருஷத்துக்கு இரண்டு பரீட்சை, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது முப்பது பிள்ளைகள், பதினான்கு வருஷம். எண்ணூறைத் தாண்டியது. அவருக்கு முகமெல்லாம் பல். கட்டிக்கொண்ட நான் இந்த முப்பத்தொரு வருஷத்தில் அந்த முழங்காலை எத்தனை தடவை தொட்டிருப்பேன் என்று எண்ணியிருந்தால் ஒரு கை விரல் போதும். அதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் டைல்ஸ் போடுகிறவர். போட்டுக்கொண்டிருந்தவர். இந்த ஊரில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் குனிந்து தரையைத்தான் பார்ப்பார். "இது நான் போட்டது" என்பார், அல்லது "எவன் போட்டான் இதை?" என்பார். காலையில் மண்டி போட்டால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். முட்டிக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும் என்று பஞ்சு மெத்தை தைத்துக் கொடுத்தேன். மகராசன் அதை மத்தியானத் தூக்கத்துக்குத் தலையணையாக வைத்துக்கொண்டார்.

நாற்பத்து நாலாவது வயதில் முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எலும்பு டாக்டர்களுக்கெல்லாம் தலைவர், எல்லாரும் பெரியவர் என்று சொல்கிறவர், இவரைக் குப்புறப் படுக்க வைத்தார். காலை நீட்டச் சொன்னார், கட்டி கல்லாக இறுகியது. பாதி மடக்கச் சொன்னார், தளர்ந்து கிட்டத்தட்ட மறைந்தே போனது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்து அடித்தார், கட்டி முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது. பெரியவர் குழந்தை மாதிரி வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"எல்லாரும் ஓடி வாங்க. புத்தகத்துல போட்ட மாதிரியே ஒரு கட்டி!"

உள்ளே நீர் கோத்த சாதாரணக் கட்டி, அதனால் உயிருக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். ஆனால் மூட்டு தேய்ந்துவிட்டது, இனி மண்டி போடவே கூடாது என்றும் அதே மூச்சில் சொல்லிவிட்டார்கள். டைல்ஸ்காரரிடம் மண்டி போடாதே என்றால் என்ன அர்த்தம்? வீட்டுக்கு வந்து தரை மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் ரப்பர் சுத்தியலையும் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். நாலு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எனக்கு அப்போது பயம் கட்டியைப் பற்றி இல்லை, இவரைப் பற்றித்தான்.

ஐந்தாவது மாதம் ஆஸ்பத்திரி அட்டெண்டர் வந்து கதவைத் தட்டினார். மருத்துவப் பிள்ளைகளுக்குப் பரீட்சை, நோயாளிகளைப் படுக்க வைத்து அவர்கள் பரிசோதித்துப் பார்த்து என்ன நோய் என்று சொல்ல வேண்டும், பெரியவர் இவரை ஞாபகம் வைத்துக் கேட்டார் என்றார். இவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்தபோது பழைய ஆள் திரும்பி வந்திருந்தார். அந்த நிம்மதியை நான் மறைக்கப் போவதில்லை. அன்றைக்கு அந்தக் கட்டியை மனசார வாழ்த்தினேன்.

அதற்குப் பிறகு அதுவே அவருக்கு உத்தியோகம் ஆயிற்று. பிள்ளைகள் 'முட்டிப் புரொபசர்' என்று பெயர் வைத்தார்கள். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பே அந்தக் காலுக்கு ஏக கவனிப்பு. எண்ணெய் தடவுவதென்ன, நகம் வெட்டுவதென்ன, நல்ல கால்சட்டையாகப் பார்த்து எடுத்து வைப்பதென்ன! ஹாலுக்குள் போனதும் யாரும் சொல்லாமலே குப்புறப் படுத்துக்கொள்வார். பிள்ளை வந்து நிற்கும்போது கால் தயாராக இருக்கும். நீட்டு என்பதற்கு முன்பே நீட்டுவார், மடக்கு என்பதற்கு முன்பே மடக்குவார். டார்ச் அணைந்ததும் புரண்டு எழுந்து, சுருட்டி ஏற்றியிருந்த கால்சட்டையை இறக்கிவிட்டுக்கொள்வார். பரிசோதனை முடிந்தது என்று அவரே முடித்து வைத்துவிடுவார்.

அதோடு ஒரு திருட்டுத்தனமும் உண்டு. பரீட்சை நடத்துகிறவர் வருவதற்கு முன் பிள்ளைகள் வாய்க்குள் பதிலை முணுமுணுத்துப் பார்ப்பார்கள். சரியாக இருந்தால் இவர் கண்ணை மூடிக்கொள்வார். தப்பென்றால் ஒரு இருமல். இந்தச் சங்கதி மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். "நம்ம கையில எத்தனை டாக்டர் பாஸாகியிருக்காங்க தெரியுமா?" என்பார். நான், "கையில இல்ல, கால்ல" என்பேன்.

என் கடை மருத்துவக் கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங். பிள்ளைகளின் கையெழுத்துக் குறிப்புகள் எல்லாம் என் மெஷினுக்குள் புகுந்துதான் வெளியே வரும். மெஷின் ஓடுகிற நேரத்தில் சும்மா நிற்கப் பிடிக்காமல் வாசிப்பேன். கிண்டலாக 'ஜெராக்ஸ் டாக்டர்' என்று இவர் எனக்குப் பட்டம் கொடுத்திருந்தார். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் வந்து கெஞ்சித் தொலைப்பார்கள் என்று, முட்டிப் புரொபசரின் சம்சாரம் நான்தான் என்பதை வெளியே சொன்னதில்லை. அவரையும் கடைப்பக்கம் வரவிட்டதில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண். எதை எடுத்தாலும் இரண்டு பிரதி கேட்பாள், ஒன்று கிறுக்கிப் படிக்க, இன்னொன்று சுத்தமாக வைத்துக்கொள்ள. நான் வைத்த பெயர் 'ரெண்டு காப்பி'. பேச்சு குறைவு. எழுத்து மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். போன வருஷக் கடைசியில், பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவளுடைய குறிப்பு ஒன்று என் கைக்கு வந்தது. தலைப்பு: முழங்காலைச் சுற்றி வரும் கட்டிகள், பரிசோதிக்கும் முறை. நம் வீட்டுச் சமாசாரமாயிற்றே என்று ஆசையாகப் படித்தேன்.

முதலில் நோயாளியை நிற்க வைத்துப் பின்னாலிருந்து இரண்டு காலையும் பார். பிறகு படுக்க வை, நீட்டி அமுக்கிப் பார், மடக்கிப் பார். டார்ச் அடித்துப் பார். படுக்க வைப்பதிலிருந்து டார்ச் வரைக்கும் எனக்கு மனப்பாடம். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. கட்டி துடிக்கிறதா என்று கட்டாயம் பார், துடித்தால் அது நீர்க்கட்டி அல்ல, ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது. பாதத்தைத் தொட்டுச் சூடும் நாடியும் இருக்கிறதா என்று பார். கட்டாயம் என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு.

பதினான்கு வருஷமாக ஒவ்வொரு பரீட்சையையும் இவர் எனக்கு ஒரு வரி விடாமல் சொல்லியிருக்கிறார். நிற்க வைத்ததாகச் சொன்னதே இல்லை. துடிக்கிறதா என்று யாரும் பார்த்ததாகவும் சொன்னதில்லை. டார்ச்சோடு கதை முடிந்துவிடும். மெஷினுக்குள் தாள் சிக்கிக்கொண்டதைக்கூடக் கவனிக்காமல் நின்றேன்.

அப்போதுதான் வேறு சிலதும் ஞாபகத்துக்கு வந்தது. கொஞ்ச நாளாகத் தெருவில் நடக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறார். கேட்டால், "அந்த வீட்டுத் தரையைப் பாரு, எவ்வளவு கோணல்" என்கிறார். பூட்டிய வீட்டின் தரை எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. படுக்கும்போது அவருடைய வலது பாதம் என் மேல் பட்டால் சில்லென்று இருக்கும். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால் மேலே இருக்கிற வலது பாதம் தானாகத் துள்ளும். இத்தனை நாள் அது இவருடைய திமிர் என்று நினைத்து, "காலை ஆட்டாதீங்க" என்று கத்தியிருக்கிறேன்.

சாயங்காலம் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, அந்தக் கட்டி துடிக்குதான்னு யாராவது பாத்திருக்காங்களா?"

"வந்துட்டாங்கய்யா ஜெராக்ஸ் டாக்டர்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. பாத்தாங்களா இல்லையா?"

"எண்ணூறு டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுச்சா? பேசாம சாப்பாட்டைப் போடு."

கரடியாகக் கத்தினேன். இவர் பிடி கொடுக்கவில்லை. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். பரீட்சை நெருங்குகிற நேரத்தில் வெளிநோயாளி வரிசையில் போய் நின்றால் மரியாதை என்னாவது என்றார். முட்டிப் புரொபசருக்கு வரிசை ஆகாதாம்! கடைசியில், பரீட்சையன்று பெரியவரிடமே நேரில் காட்டிக் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த மூன்று வாரமும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பரீட்சை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டேன்.

"பெரியவரே தொட்டுப் பாத்துட்டாரு. ஒண்ணுமில்லன்னுட்டாரு. போதுமா?"

போதும் என்றுதான் எனக்கும் இருந்தது. அன்றைக்கு எந்தப் பிள்ளை என்ன உளறினான், எவள் அழுதாள் என்று வழக்கமாக வந்து சொல்கிறவர், ஒன்றும் சொல்லவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நம்ப வேண்டும் என்று எனக்கு ஆசை, அதனால் நம்பினேன். இதற்கு நான் யாரைத் திட்டுவது?

பரீட்சை முடிவு வந்து ஐந்தாறு நாள் கழித்து, ஒரு காலை பத்து மணிக்கு அந்தப் பெண் கடைக்கு வந்தாள். ஒரு தாளை நீட்டினாள்.

"ஒரு காப்பி போதுங்கக்கா."

"என்ன அதிசயம், ரெண்டு காப்பி ஒரு காப்பி ஆயிடுச்சு?" என்று சிரித்தபடி வாங்கிப் பார்த்தேன். மறுதேர்வுக்கான விண்ணப்பம். எனக்குச் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. "நீயா? நீ எப்படிம்மா கோட்டை விட்ட?"

"முட்டிக் கேஸ்லக்கா."

மெஷினைப் போடாமல் நின்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நிக்கச் சொன்னேன். 'அதெல்லாம் வேண்டாம்மா, நேரமாகும்'னுட்டாரு அந்த ஐயா. கட்டி நல்லாத் தெரிஞ்சுது. ஆனா மடக்கினா தளரணும், தளரல. டார்ச் அடிச்சேன், வெளிச்சம் வரல. ஐயா எந்திரிக்கப் பாத்தாரு, நான்தான் இருங்கன்னு அமுக்கிப் பிடிச்சேன். கையை வெச்சா துடிக்குதுக்கா. என் விரலைத் தள்ளுது. பாதத்துல நாடி கிடைக்கவே இல்ல. ரத்தக்குழாய் வீக்கம்னு சொல்லிப் பாத்தேன், ஐயா இருமினாரு. அவர் இருமினா தப்புன்னு எல்லாருக்கும் தெரியும். மறுபடி தொட்டுப் பாத்தேன். மறுபடி இருமினாரு."

"நீ மாத்திக்கலியா?"

"கையில துடிக்குதேக்கா. எப்படி மாத்துறது? எக்ஸாமினர் வந்ததும் அதையே சொன்னேன். அவர் சிரிச்சுட்டு ஐயாவைக் கேட்டாரு. 'பதினாலு வருஷமா நீர்க்கட்டிதான் சார், எண்ணூறு பேர் பாத்திருக்காங்க'ன்னாரு ஐயா. எல்லாரும் சிரிச்சாங்க."

"அந்த எக்ஸாமினர் தொட்டுப் பாக்கலியா? பெரியவர்?"

"எக்ஸாமினர் வெளியூர்க்காரர். அவர் கையில தாள் இருந்துச்சு, அதுல நீர்க்கட்டின்னு எழுதியிருந்துச்சு. பெரியவர் அன்னைக்கு வரவே இல்லக்கா." அப்போதுதான் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஃபெயிலானது கூடப் பரவால்ல. நான் தப்பா இருந்தா நல்லது. நான் சரியா இருந்தா அந்த ஐயாவோட காலு போயிடும். உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கும். அட்டெண்டர்கிட்ட வீட்டு விலாசம் கேட்டேன். ஃபெயிலானவ பழி வாங்கப் போறியான்னு விரட்டிட்டாரு."

அவளிடம் அந்தப் பழைய குறிப்பு இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், கிறுக்காத பிரதி. "கடையைப் பாத்துக்கோ, வர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். பின்னாலிருந்து அவள் என்னமோ கேட்டாள். அந்த ஐயா என் வீட்டுக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்குப் போகப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். இத்தனை வருஷம் என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாத மனுஷன், என் முகத்தைப் பார்த்துப் பெரியவர் தொட்டார் என்று சொல்லியிருக்கிறார்!

நாற்காலியில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். வலது பாதம் துள்ளிக்கொண்டிருந்தது. சுவரில் கடிகாரம், அதைப் பார்த்துக்கொண்டே பாதத்தையும் பார்த்தேன். நாடி அடிக்கிற மாதிரி ஒரே சீராகத் துள்ளியது. டிவியை அணைத்தேன்.

"எந்திரிங்க. அந்தச் சுவத்தைப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

"என்ன இது?"

"கால்சட்டையை மேல ஏத்துங்க."

என் குரலைக் கேட்டதும் எழுந்துவிட்டார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். நிற்க வைத்துப் பார்த்தால் ஒரு முட்டாளுக்குக்கூடத் தெரியும். இடது காலின் மடிப்பு குழிந்து இருந்தது. வலது கால் நடுவில் மேடு தட்டியிருந்தது.

"முறை இது இல்ல," என்றார் சுவரைப் பார்த்தபடியே. "முதல்ல குப்புறப் படுக்கணும்."

"வாயை மூடுங்க. இருமவும் கூடாது."

படுத்தார். பழக்க தோஷம், நான் சொல்வதற்கு முன்பே காலை நீட்டினார், உடனே மடக்கினார். "நான் சொன்னப்புறம்" என்று அதட்டினேன். நீட்டச் சொல்லித் தொட்டேன், மடக்கச் சொல்லித் தொட்டேன். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். இருட்டாகவே இருந்தது. அன்றைக்குப் பெரியவர் அறையில் நான் பார்த்த அந்தச் சிவப்பு எங்கே போயிற்று? வெளிச்சம் அணைந்ததும் இவர் புரண்டு எழப் பார்த்தார். முதுகில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நாலு விரலையும் அந்த மடிப்பில் வைத்தேன், அமுக்காமல். துடித்தது. என்னுடைய நாடியோ என்று சந்தேகம் வந்து, இன்னொரு கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். அது வேறு வேகம். பயத்தில் என்னுடையது ஓடிக்கொண்டிருந்தது, இவருடையது நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது. காலுறைகளைக் கழற்றிப் பாதத்தைத் தொட்டேன். இடது வெதுவெதுப்பு, வலது சில்லிட்டிருந்தது. சுண்டு விரலும் பக்கத்து விரலும் நிறம் மாறியிருந்தன. கொஞ்ச நாளாகப் பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயும் வெள்ளைக் காலுறை போட்டே நடமாடிக்கொண்டிருந்தது இதற்குத்தானா?

"உங்களுக்குத் தெரியும்," என்றேன். "எத்தனை நாளா?"

தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டே பேசினார். அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை.

"பழைய கட்டி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே கரைஞ்சு போயிடுச்சு. தானா. ஒருநாள் எண்ணெய் தடவுறேன், இல்ல. பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம். அட்டெண்டர் வந்து, கட்டி இல்லாதவனை என்ன பண்றதுன்னு திரும்பிப் போயிடுவாரேன்னு எனக்குத் தூக்கமே இல்ல. அப்புறம் பத்து நாள்ல அதே இடத்துல லேசா ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. திரும்பி வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்டி. உனக்கு அன்னைக்கு மல்லிகைப்பூ வாங்கிட்டு வந்தேனே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. எதுக்குப் பூ என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றார்.

"அப்ப இந்த ரெண்டு வருஷமா டார்ச் அடிச்ச பிள்ளைங்க?"

"வெளிச்சம் தெரியுதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பதில்தானே. தெரியாம எப்படி இருக்கும்? நானும் கண்ணை மூடிக்கிட்டேன்." தலையணையை இழுத்துக் கட்டிக்கொண்டார். "துடிக்குதுன்னு ஒரு வருஷமாத் தெரியும். அந்தப் பொண்ணு கையை எடுக்கவே இல்ல. அவளுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு. பயந்துட்டேன். இருமிட்டேன்."

அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. அந்தச் சில்லிட்ட பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன். தலையணை ஈரமாக இருந்தது.

மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். முட்டிப் புரொபசர் வரிசையில்தான் நின்றார், நான் தாங்கிப் பிடித்துக்கொள்ள. ஸ்கேன் எடுத்த டாக்டர் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது, உள்ளே உறைந்த ரத்தம் துணுக்குத் துணுக்காகக் கழன்று பாதத்துக்குப் போய் அடைத்துக்கொண்டிருக்கிறது, இத்தனை பேர் அமுக்கியதும் நல்லதில்லை, இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கால் முழுக்கப் போயிருக்கும் என்றார்கள். இடது தொடையிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து வலது காலில் வைத்துத் தைத்தார்கள். ஐந்து மணி நேரம். கால் தப்பியது. அந்த இரண்டு விரல்கள் தப்பவில்லை.

நாலாவது நாள் பெரியவர் வார்டுக்கு வந்தார். பின்னால் பிள்ளைகள் ஒரு கூட்டம். கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"எப்படி இதைத் தவற விட்டோம்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "தொட்டாத்தானே சார் தவற விடுறதுக்கு? உங்க ஆளுங்க காலைப் பாக்கல, கையில இருந்த தாளைப் பாத்தாங்க. தொட்டுப் பாத்த ஒரே பொண்ணை ஃபெயிலாக்கிட்டீங்க."

"அவ மேல தப்பு ஒண்ணும் இல்ல சார்," என்றார் இவர் படுக்கையிலிருந்து. குரல் கம்மியிருந்தது. சுற்றி நின்ற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சரியாத்தான் சொல்லுச்சு. நான் பொய் சொன்னேன். ரெண்டு தடவை இருமினேன். வருஷா வருஷம் இருமியே எல்லாரையும் கெடுத்துட்டேன்."

பதினான்கு வருஷ ரகசியத்தைப் பெரியவர் முன்னால் போட்டு உடைத்தார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளுக்கு மார்க்கைத் திருத்திக் கொடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். பெரியவர் தலையை ஆட்டினார். முடிவு மேலிடத்துக்குப் போய்விட்டது, என் கையில் இல்லை, எழுதிப் பார்க்கிறேன் என்றார். எழுதினாரோ இல்லையோ, ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆறு மாதம் போனது போனதுதான்.

முழங்காலுக்குப் பின்னால் இப்போது நீளமாக ஒரு தையல் தழும்பு. பார்த்த மாத்திரத்தில் விடை தெரிந்துவிடும் என்பதால் பரீட்சைக்கு ஆகாது. அட்டெண்டர் வருவதில்லை. இவர் என்னோடு கடைக்கு வந்து, காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்துக்கொண்டு தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடிக்கிறார். முதல் ஒரு மாதம் அந்தப் பெண் வருகிற நேரம் பார்த்து உள்ளே போய் மறைந்துகொண்டார். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும். "விரல் எடுத்த இடத்துல ஐயாவுக்கு வலிக்குதாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுதேர்வு நடந்த அன்று, எல்லாம் முடிந்து பன்னிரண்டு மணிக்குக் கடைக்கு வந்தாள். இவர் எழுந்து உள்ளே போகப் பார்த்தார். ஸ்டூலிலிருந்து காலை எடுப்பதற்குள் அவள் வந்துவிட்டாள்.

"எப்படிம்மா பண்ணின?" என்றேன்.

"தெரியலக்கா. எனக்குக் கொடுத்த நோயாளி எதுவுமே பேசல." லேசாகச் சிரித்தாள். பிறகு இவரைப் பார்த்து, "ஐயா, காலைக் காட்டுங்க" என்றாள்.

காலுறையைக் கழற்ற இவருக்குக் கை வரவில்லை, நான் கழற்றினேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தாள். விரல்கள் இல்லாத இடத்தைப் பார்த்தாள். பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சத்தம் இருக்கக் கூடாது என்று நான் மெஷினை நிறுத்தினேன். விரலைக் கொஞ்சம் நகர்த்தினாள், காத்திருந்தாள், இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். இவர் கண்ணை மூடவில்லை, இருமவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்காம்மா?" என்றார்.

"பேசாதீங்கய்யா."

வாயை மூடிக்கொண்டார். தெருவில் ஒரு வண்டி போய் அந்தச் சத்தம் அடங்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"இருக்குங்கய்யா," என்றாள் கடைசியில். "லேசாத்தான் இருக்கு. ஆனா இருக்கு."

அவள் கையை எடுக்கப் போனாள். இவர் காலை இறக்கவில்லை, கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொள்ளவும் இல்லை. அப்படியே நீட்டி வைத்திருந்தார்.

"இன்னொரு தடவை பாத்துடும்மா," என்றார்.

அவள் மறுபடியும் விரலை வைத்துப் பார்த்தாள்.